தக்காளி நாற்றுக்கு மத்தியானத் தண்ணீர்

படுத்த நாற்று

காலையில் நிழல்வலைக்குள் நுழைந்தேன். நாற்று படுத்திருந்தது. முதல் நாள் சாயங்காலம் நின்ற நாற்று. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அடியை ஒட்டின இடத்தில் தண்டு நூல் மாதிரி இளைத்துக் கறுத்திருந்தது. மேலே இலை பச்சையாகத்தான் இருந்தது. செத்தது அதற்கே தெரியவில்லை.

மதுராம்பாள் பின்னால் வந்து நின்றாள். என்னோடு வேலை பார்த்தவள்.

"எத்தன ட்ரே போச்சு?"

"நிக்கிறத எண்ணு. அது சுளுவு."

எண்ணினாள். ஒரு கை விரல் போதுமாக இருந்தது.

வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த நர்சரி. தொண்ணூற்றேழில் சேர்ந்தேன். பத்து வருசம் இருந்தேன். முதலில் மண்ணில் மேட்டுப்பாத்தி போட்டு விதைத்தோம். பிறகு பிளாஸ்டிக் ட்ரே வந்தது. குழி குழியாக இருக்கும். குழியில் தேங்காய் நார்க்கழிவை நிரப்பி, விரலால் ஒரு அமுக்கு அமுக்கி, ஒரு குழிக்கு ஒரு விதை. நான் சொல்வது ட்ரே வந்த புதிது. இரண்டாயிரத்து மூன்று.

இப்போது எங்கள் ஊர் மகளிர் குழுவில் நாற்று போடுகிறார்கள். தெரிந்ததை எழுதிக் கொடு என்றார்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள். தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் தக்காளி நட்டாக வேண்டும். மழைக்குள் வேர் பிடித்துவிட்டால் மார்கழியில் காய்க்கும். அதற்கு ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ விதை போட வேண்டும். அந்த மாதங்களில் பகலில் அனல் காற்று. சாயங்காலம் திடீர் மழை. ராத்திரி புழுக்கம். குளிரில் காய்க்கப் போகிற செடியைப் புழுக்கத்தில் பெற்றெடுக்க வேண்டும். கஷ்டம் அதில்தான்.

அந்தத் தடவை மூன்று நாள் விடாமல் மூடாப்பு. வலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. காற்று இல்லை. நார்க்கழிவு பிழியப் பிழிய ஈரம். அழுகல் வந்துவிட்டது. யாரும் செய்த தப்பு இல்லை.

முதலாளி தங்கராசு அண்ணன் வந்து பார்த்தார். துண்டைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டார். மறுபடி தலையில் போட்டார்.

"பாயம்மாகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

பாயம்மா

லப்பைக்குடிக்காட்டு நூர்ஜகானை நாங்கள் பாயம்மா என்போம். கறுப்புத் துப்பட்டி, பெரிய கைப்பை, வேகமான நடை. வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். வெள்ளாற்றுப் பக்கம் அவர்களுக்குக் கிணற்றோடு நிலம். அதை யாரோ குத்தகைக்குப் பார்த்துவந்தார்கள். கெடு முடிந்ததும் பாயம்மா தானே பயிர் வைப்பதாகச் சொன்னார். கொழுந்தனார் காதர் பாய் சிரித்தாராம். வீட்டுக்காரர் போனில் சொன்னது இது. பாயம்மாவே எங்களிடம் சொன்னார்.

"ஒரே ஒரு போகம் நீ பாரு. சரியா வரலேன்னா தம்பி சொல்ற ஆளுக்குக் குத்தகைக்கு விட்டுருவோம். அப்பறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

அந்த ஒரு போகத்துக்குத் தக்காளி என்று முடிவு செய்து எங்களிடம் வந்தார். படுத்ததில்தான் அவர் எடுக்க வேண்டிய நாற்றும் இருந்தது.

முதலாளி போன் பண்ணவில்லை. பாயம்மா தானாக வந்துவிட்டார். ட்ரேக்களைப் பார்த்தார்.

"மறுபடி போட நாள் இருக்கா பச்சையம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"இருக்குங்கம்மா. இன்னிக்குப் போட்டா புரட்டாசிக்குள்ள எடுத்துரலாம்."

"நோன்பு வர்றதுக்குள்ள நட்டுப்புடணும். வாயில எச்சில் முழுங்காம வயக்காட்டுல நிக்க என்னால ஆவாது."

"ஆவும்மா."

"இதுவும் படுத்துட்டா?"

இன்னொரு முறை போட நாள் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

முதலாளி புது விதை வாங்கி வந்தார். பழைய நார்க்கழிவை முழுக்கக் கொட்டிவிட்டோம். ட்ரேக்களைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தோம். அழுகின இடத்தில் புழங்கின எதையும் கழுவாமல் மறுபடி எடுக்கக் கூடாது. விதை போட்டு, ட்ரேக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சாக்கால் மூடினோம். முளை தலைகாட்டினதும் அன்றைக்கே பிரித்துப் பரப்ப வேண்டும். சாயங்காலம் பார்க்கலாம் என்று விட்டால் இருட்டில் நீண்டு வெளுத்துவிடும். பரப்பினோம். இந்த முறை தரையில் வைக்கவில்லை. கல் வைத்து மூங்கில் போட்டு மேலே தூக்கி வைத்தோம், அடியிலும் காற்று போகட்டும் என்று.

மதுராம்பாள் சிறுவாச்சூர் போய் மதுரகாளி கோயில் திருநீறு கொண்டுவந்தாள். வேப்பமரத்துப் பக்கம் ஆரம்பித்துத் தூவினாள். பாதியில் பொட்டலம் தீர்ந்துபோனது.

"மீதிக்கு?" என்றேன்.

"மீதிக்கு நீ இருக்கியே" என்றாள்.

மாமா

நர்சரிக்குக் காவல் செல்லமுத்து மாமா. முதலாளியிலிருந்து டெம்போக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் மாமா. வாழ்நாள் முழுக்க ஆடு மேய்த்தவர். முட்டி தேய்ந்த பிறகு ஆட்டின் பின்னால் ஓட முடியவில்லை. ஆடுகளை விற்றுவிட்டு இங்கே வந்தார். இரண்டை மட்டும் விற்க மனமில்லாமல் கூட்டிவந்து வேலியோரம் கட்டியிருந்தார். அவை அவிழ்த்துக்கொண்டு வந்து நாற்றைக் கடிக்கும். முதலாளி, "யோவ் மாமா, இன்னொரு தடவ இது நடந்துச்சுன்னா நீயும் ஆடும் ஒண்ணா கெளம்ப வேண்டியதுதான்" என்று சொல்லியிருந்தார்.

மாமாவின் கயிற்றுக் கட்டில் வேப்பமரத்தடியில் கிடக்கும். கட்டிலில் படுத்தபடி ட்ரேக்களைப் பார்க்கலாம்.

நாற்று எடுப்பதற்கு முந்தின வாரம் செய்கிற வேலை ஒன்று உண்டு. வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவோம். தண்ணீரைக் குறைப்போம். காலையில் ஒருமுறை பூவாளியால் தெளிப்பதோடு சரி. மத்தியானம் நாற்று தலையைத் தொங்கப்போடும். பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்பார்கள். சாகாது. வெயில் தாழ்ந்தால் தானே எழுந்துகொள்ளும். தினம் இப்படி வாடி எழுந்த நாற்றுதான் வயலில் நிற்கும். நாங்கள் இதை வாட்டுவது என்போம். நிழலிலேயே குடித்து வளர்ந்த நாற்றைக் கொண்டுபோய் வெயிலில் நட்டால் முதல் நாளே சாய்ந்துவிடும்.

அந்தத் தடவை வாட்ட ஆரம்பித்தபோது ஒன்று கவனித்தேன். கிழக்கு வரிசையெல்லாம் மத்தியானம் தொங்கியது. வேப்பமரத்து வரிசை தொங்கவில்லை. உயரமாக, பளபளவென்று, இளம்பச்சையாக நின்றது.

மதுராம்பாளுக்கு ஒரே சந்தோசம்.

"பாத்தியா? துன்னூறு போட்ட பக்கம்."

"தண்டத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். "பூப்போல இருக்கு" என்றாள்.

"அதான் சரியில்ல" என்றேன்.

"ஒனக்குப் பொறாம, நீ போடலன்னு."

வலையில் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மரத்து நிழல் அந்த வரிசைமேல் விழுகிறதா என்று பார்த்தேன். சாயங்காலம் மட்டும் கொஞ்சம் விழுந்தது. அது காரணம் ஆகாது.

மத்தியானம் நாங்கள் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒருநாள் மோர்ச் சொம்பை வேப்பமரத்தடியில் மறந்துவிட்டேன். எடுக்கப் போனேன். மாமா பூவாளியோடு வரிசையில் நின்றார். குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தார். வாயும் சும்மா இல்லை.

"குடி, குடி. பொம்பளைங்க வர்றதுக்குள்ள குடிச்சிடு. ஏய், நீ குடிச்சிட்ட, தள்ளிக்க."

"மாமா" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். பூவாளியை மறைக்கவில்லை.

"வாடுது ஆயி."

"வாடட்டும். வாட்டத்தான் போட்டிருக்கு."

"உச்சிவெயில்ல தண்ணி காட்டாம எப்புடி இருக்கறது? நான் ஆடு மேச்சவன்."

"இது ஆடு இல்ல மாமா."

"வாயில்லாத சீவன்தான இதுவும்? ஆடாவது கத்தும். இது தலயத் தொங்கப் போட்டுக்கிட்டு என்னையே பாக்குது. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு அத எப்புடிப் பாக்கறது?"

"எத்தினி நாளா ஊத்துறீங்க?"

"பரப்பி வச்ச நாளா. என் கைக்கு எட்டுன வரைக்கும்தான் ஊத்துனேன். மீதிக்கு நடக்க முட்டி வுடல. அது ஒண்ணுதான் வருத்தம்."

நான் பூவாளியை வாங்கிக்கொண்டேன். தண்ணீர் அதிகமானால் என்ன ஆகும் என்று சொன்னேன். வேர் தண்ணீரைத் தேடி இறங்காது, தண்டு கெட்டிப்படாது, பாயம்மா வயலில் சாய்ந்துவிடும், அவருடைய நிலம் கைவிட்டுப் போய்விடும். நான் பொதுவாக இவ்வளவு பேசுகிறவள் இல்லை.

மாமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப நிறுத்திட்டா?"

"திடீர்னு நிறுத்துனா பொசுக்குனு போயிரும். எப்புடியும் இது ஆவாது மாமா."

"அண்ணன்கிட்ட சொல்லிடுவியா?"

சொல்லவில்லை. சொன்னால் மாமாவும் ஆடும் கிளம்ப வேண்டியிருக்கும். அந்த வரிசையை ஓரமாக ஒதுக்கிவைத்து, கிழக்கு வரிசையைப் பாயம்மாவுக்குக் கொடுத்துவிடலாம், பின்னால் வருகிறவர்களுக்கு மறுபடி விதைக்கலாம் என்று நினைத்திருந்தேன். எங்கள் நர்சரியில் எந்த ட்ரே யாருக்கு என்று பிரித்து வைப்பது இல்லை. வருகிறவர் பார்த்து எடுப்பார். ஒதுக்குவதற்குள் பாயம்மா சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

எடுக்க வந்த நாள்

வந்தது உச்சிவெயிலில். டெம்போவில் காதர் பாயும் கூட வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு செல்போன். கிழக்கு வரிசையைப் பார்த்தார். அத்தனையும் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மதினி, செடிக்கெல்லாம் டெங்குவா?"

பாயம்மா முகம் சுண்டிப்போனது. அப்படியே திரும்பினார். வேப்பமரத்து வரிசை கண்ணில் பட்டது. முகம் மலர்ந்துவிட்டது.

"அல்லாவே, இதப் பாருங்க தம்பி. எவ்வளவு அழகு! இது போதும். இதையே ஏத்துங்க."

முதலாளிக்கு மூச்சு வந்தது. "எடுத்துக்குங்கம்மா. உங்களுக்குன்னே வளந்தது."

"அது வேணாம்மா" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் வேணாம்?" முதலாளி குரல் மாறியது.

ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மாமா போவார். சொல்லாவிட்டால் பாயம்மா நிலம் போகும். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆயிய ஏன் மெரட்டுற?" என்று பின்னாலிருந்து மாமா குரல். கட்டிலைப் பிடித்து எழுந்து, முட்டியைத் தாங்கித் தாங்கி வந்தார். "பாயம்மா, அத எடுக்காதீங்க. அது நான் கெடுத்தது."

"நீங்க என்ன பண்ணீங்க பெரியவரே?"

"தெனம் மத்தியானம் தண்ணி ஊத்துனேன். யாருக்கும் தெரியாம. பாக்க நல்லாருக்கும். வயல்ல நிக்காது."

காதர் பாய் சிரித்தார். "தண்ணி ஊத்துனா செடி கெட்டுப்போவுமா? என்னா ஊருங்க இது? வாடுனத விக்கிறதுக்குக் கத கட்டுறாங்க மதினி."

முதலாளி மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

பாயம்மா கைப்பையை என்னிடம் கொடுத்தார். அந்த வரிசையில் ஒன்று, இந்த வரிசையில் ஒன்று, குழியிலிருந்து மெதுவாக இழுத்தார். உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அழகான நாற்றில் வேர் நாலு இழை. நார்க்கழிவு பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. வாடின நாற்றில் வெள்ளை வேர் வலை மாதிரி பின்னி, நார்க்கழிவைக் குழி உருவத்திலேயே இறுக்கிப் பிடித்திருந்தது. அழகானதைப் படுக்கவைத்துத் தூக்கினார். வேகவைத்த கீரை போலத் தொங்கியது. மற்றதைத் தூக்கினார். இலைதான் தொங்கியது. தண்டு குச்சி மாதிரி நேராக நின்றது.

"இந்த இல எந்திரிக்குமா பச்சையம்மா?"

"சாயங்காலம் எந்திரிக்கும்மா."

"இருந்து பாக்குறேன்."

"சாயங்காலம் வரைக்குமா?" என்றார் காதர் பாய். "எனக்கு வேல இருக்கு மதினி."

"அப்ப பஸ் இருக்கு தம்பி. ரோட்டுக்குப் போனா நின்னுதான் போவும்."

அவர் போகவில்லை. டெம்போவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பாயம்மா மாமாவின் கட்டிலில் உட்கார்ந்தார். மாமா கீழே உட்கார்ந்தார். மதுராம்பாள் டீ போட்டுவந்தாள். டம்ளரை மாமாவிடம் கொடுக்கும்போது மெல்லக் கேட்டாள்.

"அப்ப என் துன்னூறு?"

"அதுவும் சேந்துதான் ஆயி" என்றார் மாமா.

வெயில் தணிந்தது. பாயம்மா தொட்டியில் கை கால் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வேப்பமரத்தடியில் மதுராம்பாள் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தாள். அதன்மேல் பாயம்மா தன் துண்டைப் போட்டு, சாயங்காலத் தொழுகையான அஸர் தொழுதார். நாங்கள் தள்ளி நின்றோம். டெம்போக்காரர் பாட்டை நிறுத்தினார். பாயம்மா தொழுது முடித்துச் சலாம் கொடுத்துத் திரும்பினபோது கிழக்கு வரிசை எழுந்து நின்றது. எல்லாம் இல்லை. ஓரத்தில் இரண்டு ட்ரே இன்னும் சோம்பல் பிடித்துக் கிடந்தது. மற்றதெல்லாம் இலையைத் தூக்கியிருந்தது.

அவர் துண்டைக்கூட மடிக்காமல் பார்த்தபடி இருந்தார்.

"ஏத்துங்க" என்றார்.

காதர் பாய் இறங்கிவந்தார். இரண்டு கையிலும் ட்ரேயைத் தூக்கினார். வெள்ளைச் சட்டையில் நார்க்கழிவு ஒட்டியது.

கிளம்பும்போது பாயம்மா முதலாளியைக் கூப்பிட்டார்.

"இந்தப் பெரியவர எங்கயும் அனுப்பிடாதீங்க. தன் சரக்கக் கெட்டதுன்னு சொல்ற ஆளு எந்தக் கடையில இருக்காங்க?"

முதலாளி துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் தலையில் போட்டார். "அவர எங்கம்மா அனுப்புறது? கூடவே அந்த ஆட்டையும்ல எவனாவது ஏத்துக்கணும்" என்றார்.

வேப்பமரத்து வரிசையைக் கொட்டிவிடச் சொன்னார்கள். மாமா தனக்கு வேண்டும் என்றார். வேலியோரம் நட்டார். நீண்டுபோன நாற்றை நட ஒரு வழி உண்டு. நேராக நடாமல், சிறு வாய்க்கால் கீறி, தண்டைப் படுக்கவைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டு மண் மூட வேண்டும். புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். சாயங்காலம்தான் நட வேண்டும். அப்படி நட்டதில் பாதி பிழைத்தது. அந்தப் பாதியில் பாதியை அவருடைய ஆடுகள் தின்றன. மாமா ஆட்டையும் திட்டவில்லை.

திருப்பிப் போட்ட கட்டில்

ஐப்பசியில் மழை கொட்டியது. ராத்திரி விழிப்பு வரும்போதெல்லாம் எனக்கு வெள்ளாற்றுப் பக்கம்தான் நினைப்பு. மாமா காலையில் என்னைப் பார்த்ததும், "சேதி வந்துச்சா?" என்பார். வரவில்லை. கார்த்திகையிலும் வரவில்லை. கெட்ட சேதியாக இருந்தால் காதர் பாய் வந்து சொல்லியிருப்பார் என்றாள் மதுராம்பாள். அது சரியாகத்தான் பட்டது.

மார்கழியில் ஒரு காலை பாயம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். தலையில் கூடை. நேராக வேப்பமரத்தடிக்குப் போய் மாமாவின் கட்டிலில் கூடையை இறக்கினார். கூடை நிறையத் தக்காளி. கல் மாதிரி கெட்டிக் காய், மேலே சிவப்பு ஏறினது.

"உங்க மத்தியானத் தண்ணி குடிக்காததுங்க பெரியவரே" என்றார்.

மாமா ஒன்றை எடுத்துத் துண்டில் துடைத்தார். கடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டார்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "குத்தகைப் பேச்சு என்னம்மா ஆச்சு?"

"யாரும் எடுக்கல. நேத்து அவரு போன் பண்ணாரு. அடுத்த போகம் என்ன போடப்போறன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நர்சரியில கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த வரைக்கும் வருசா வருசம் வந்தார்.

நாற்று போடுகிற பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ட்ரேயைக் கழுவு. அடியில் காற்று விடு. முளை வந்ததும் பிரி. காலையில் தண்ணீர் ஊற்று, சாயங்காலம் நனைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதே. இதையெல்லாம் ஒருமுறை கேட்டால் வந்துவிடும். கடைசி வாரம்தான் வராது. நாம் வளர்த்தது நம் கண்முன்னால் வாடும்போது பூவாளியைத் தொடாமல் இருக்க வேண்டும். எனக்கே பழக வருசமாயிற்று.

மாமாவுக்குக் கடைசிவரை பழகவில்லை. அவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வாட்டுகிற வாரம் வந்ததும் காலையிலேயே என்னைக் கூப்பிடுவார்.

"ஆயி, ஒரு கை புடி."

நான் ஒரு பக்கம் பிடிப்பேன். அவர் ஒரு பக்கம் பிடிப்பார். கட்டிலைத் திருப்பி, நாற்றுக்கு முதுகு காட்டி, ரோட்டைப் பார்க்கப் போட்டுவிடுவோம். வெயில் தாழ்கிறவரை அவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். தாழ்ந்ததும் கேட்பார்.

"எந்திரிச்சுடுச்சா?"

"எந்திரிச்சுடுச்சு மாமா. திரும்புங்க."

உங்களாலும் பார்க்க முடியவில்லை என்றால் திரும்பி உட்காருங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்.